ராஜினாமா வைராக்கியம்

குன்றத்தூருக்கும் திருநீர்மலைக்கும் நடுவே, திருமுடிவாக்கத்துச் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் நுழைந்து, லேத்தும் பிரஸ்ஸும் இரைகிற கொட்டகைகளின் வாசலில் ‘ஆட்கள் தேவை, ஹெல்ப்பர், ஆபரேட்டர்’ என்று தொங்கும் அட்டைகளைப் படித்துக்கொண்டே நடக்கிறவனுக்கு, உத்தியோகத்தை உதறுவது அப்படியொன்றும் விபரீதமான காரியமாகத் தோன்றாது. ஒரு கம்பெனியில் டீ தண்ணீராக இருந்தது, இன்னொன்றில் சூப்பர்வைசர் ‘ஏம்ப்பா’ என்று விளித்துவிட்டார், வேறொன்றில் தொடர்ந்து ராத்திரி ஷிப்ட் போட்டார்கள் என்று, துறவிக்குக்கூட வாய்க்காத வைராக்கியத்துடன் ஒவ்வொன்றாகத் துறந்து, எதிர்த்தெருவிலேயே மறு ஜன்மம் எடுக்கும் மகானுபாவர்கள் நம்மிடையே உண்டு. (ராத்திரி ஷிப்ட் விஷயத்தில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.)

இந்த வியாதிக்கு உபதேசம் பலிப்பதில்லை. சர்க்கார் கண்டுபிடித்த ஔஷதமே பலிக்கிறது. 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து வருஷம் ஒரே இடத்தில் நிலைத்தவனுக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று சகிப்புத்தன்மைக்கு விலை நிர்ணயித்துவிட்டது. வருங்கால வைப்புநிதிக்கோ 2014 முதல் ஆளுக்கு ஒரே பன்னிரண்டு இலக்க எண். எத்தனை வேலை மாறினாலும் அது மாறுவதில்லை. ஆள் நிலைக்காவிட்டாலும் எண்ணாவது நிலைக்கட்டும் என்பது சர்க்காரின் சித்தம் போலும்!

ஆகவே, சுயமரியாதை மிக்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நாலரை வருஷத்தில் கோபம் வந்தால், தயைகூர்ந்து இன்னும் ஆறு மாதம் பொறுத்துக் கோபித்துக்கொள்ளுங்கள்.