எழுமலைக் குடும்பங்களின் கோடைச் சுற்றுலாவும் கட்டுச்சோறும்: ஒரு புவியியல் ஆய்வு

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிய குடும்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், எங்கே போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். எங்கே சாப்பிட்டார்கள் என்று எவரும் கேட்பதில்லை. இந்தக் குறையைத் தீர்க்க, பேரையூர் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் எழுமலையை இக்கட்டுரை களமாக எடுத்துக்கொள்கிறது. கொடைக்கானல், வைகை அணை, கும்பக்கரை, சுருளி, குற்றாலம், மதுரைச் சித்திரைத் திருவிழா என்று எந்தப் பக்கம் கிளம்பினாலும், கோழி கூப்பிடும் நேரத்தில் எழுந்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். மதியச் சோறு மட்டும் வெளியில்தான். ஆகவே களம் பழுதற்றது. நமது கருதுகோள் இது: கட்டுச்சோற்று மூட்டை எங்கே அவிழ்க்கப்படுகிறதோ அதுவே சுற்றுலாத் தலம், அருவி, ஏரி, பூங்கா எல்லாம் அந்த இடத்தின் சுற்றுப்புறம்.

இது புதுக்கருத்து அன்று. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துபோன திருநாவுக்கரசர் வழியில் பசியால் தளர, சிவபெருமான் சோலையும் குளமும் உண்டாக்கி, அந்தணர் வடிவில் பொதிசோற்றோடு காத்திருந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இறைவன் நேராக முக்தியே கொடுத்திருக்கலாம். முதலில் நிழல், அடுத்து தண்ணீர், பிறகு சோறு என்று வரிசை வைத்துக் கொடுத்ததை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். சுந்தரருக்கும் திருக்குருகாவூரில் இதே ஏற்பாடு நடந்திருக்கிறது. மேலைநாட்டுச் சான்றும் உண்டு. பாரிஸில் எதுவார் மனே புல்வெளியில் மதிய உணவு உண்ணும் கூட்டத்தை வரைந்து காட்சிக்கு வைத்தது 1863-இல். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கொடைக்கானல் ஏரியை உருவாக்கியதும் அதே 1863-இல். இதைத் தற்செயல் என்று தள்ளுவது ஆய்வு நேர்மை ஆகாது. மனேயின் படத்தில் ஆடையின்றி அமர்ந்திருந்த பெண்ணைப் பற்றித்தான் பாரிஸ் முழுக்கச் சண்டை. ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த உணவுக் கூடையைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எழுமலை அப்பத்தா ஒருத்தி அங்கே இருந்திருந்தால் கூடையைத்தான் முதலில் நிமிர்த்தி வைத்திருப்பாள்.

மூட்டையின் உள்ளமைப்பை இனிப் பார்ப்போம். புளிக்கரைசலை நல்லெண்ணெயில் சுண்டவிட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது இறக்குவார்கள். சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே கிளறுவார்கள். சூட்டோடு கட்டினால் ஆவி வியர்த்துச் சொட்டி, உசிலம்பட்டி தாண்டுவதற்குள் ஊசல் வாடை கிளம்பிவிடும். இலையைத் தணலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. துவையலில் தேங்காய் சேர்ப்பதில்லை; வெயிலில் முதலில் கெடுவது அதுதான். தயிர்ச்சோற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுத் தூக்குச்சட்டியில் அடைத்துவிடுவார்கள். பஸ்ஸின் குலுக்கலிலும் சித்திரை வெக்கையிலும் அது உறைந்து, மதியம் திறக்கும்போது புளிக்காத தயிர்ச்சோறாக இருக்கும். அதாவது, சாப்பிட வேண்டிய நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே அடுப்படியில் நிர்ணயித்துவிடுகிறார்கள். டிரைவரோ வழிகாட்டியோ அதை மாற்ற முடியாது. வெள்ளி நீர்வீழ்ச்சி வருவதற்குள் பசி வந்துவிட்டால், அதற்கு முந்தைய வளைவில் நிற்கும் மரத்தடிதான் அன்றைய கொடைக்கானல்.

குற்றாலம் இந்தக் கருதுகோளுக்கு மறுக்க முடியாத சான்று. அங்கே சாரல் கட்டுவது தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில். எனவே பிள்ளைகளோடு மே மாதத்தில் போன குடும்பங்கள் பெரும்பாலும் பார்த்தது ஈரக்கோடு விழுந்த பாறையைத்தான். அருவியே பயணத்தின் நோக்கம் என்றால், வளர்ந்த பிறகு அந்தப் பயணத்தை ஏமாற்றம் என்றல்லவா சொல்ல வேண்டும்? ஒருவரும் சொல்வதில்லை. அவிச்ச முட்டை ஆளுக்கு ஒன்றுதான் என்று சின்னாத்தா கணக்குப் பார்த்ததைத்தான் சொல்வார்கள். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. உயரம் 111 அடி, தேக்குவது 71 அடி. இந்த எண்களை நினைவில் வைத்திருப்பவர் அரிது. உருளைக்கிழங்குப் பொரியலில் அடிப்பிடித்த காந்தல் யாருக்குப் போயிற்று என்பதை மறந்தவரும் அரிது. பக்கச்சார்பற்ற சாட்சி வேண்டும் என்பவர்களுக்குக் குரங்குகள் இருக்கின்றன. கொடைக்கானல் மலைச்சாலையில் அவை இயற்கைக் காட்சியைப் பார்ப்பதற்காகக் காத்திருப்பதில்லை.

மறுப்புகள் சில வரலாம். சித்திரைத் திருவிழாவில் தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் அன்னதானமும் கிடைக்கும்போது மூட்டை எதற்கு என்பது ஒன்று. வண்டி கட்டி வந்து ஆற்றுமணலில் தங்கி, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்த கூட்டம் அன்னதானமும் வாங்கிக்கொண்டது, மூட்டையையும் அவிழ்த்தது. கொடுத்த சோற்றுக்குக் கும்பிடு, கொண்டுவந்த சோற்றுக்கு உரிமை, இரண்டும் ஒன்றல்ல. அழகருமே கோயிலிலிருந்து வைகைக்கு ஒரே மூச்சில் வருவதில்லை. நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருகிறார். கோடையில் வெளியூர் போய்த் தங்குவதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்பாரும் உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் வெக்கைக்கும் நோய்க்கும் பயந்து 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டியது மெய்தான். ஆனால் மாட்டுவண்டிக்கு அடியில் சாக்கை விரித்துக் குடும்பத்தோடு ராத்தங்கியவர்களுக்கு வெளியூரில் தங்குவதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இன்னொன்று: இப்போது யார் மூட்டை கட்டுகிறார்கள்? கார் நேராக ஓட்டலில் நிற்கிறது, பிள்ளைகள் புரோட்டா கேட்கிறார்கள், கொடைக்கானலுக்கு 2024 முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. உண்மைதான். இது நமது கருதுகோளை உடைக்கவில்லை. தலங்கள் குறைந்துவிட்டன என்று மட்டுமே காட்டுகிறது. ஓட்டல் மேசை எல்லா ஊரிலும் ஒரே உயரம். எவ்வளவு தேடியும் அதில் எறும்பு ஊர்வதில்லை, மணல் விழுவதில்லை, “எலே, தள்ளி உக்காரு” என்று யாரும் விரட்டுவதில்லை.

எனவே சுற்றுலாத் துறைக்கு ஒரு விண்ணப்பம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019-இல் தடைசெய்த பிறகு, வாட்டிய வாழையிலைக்கு அரசாங்கத்தின் மறைமுக ஆதரவும் கிடைத்துவிட்டது. மீதியையும் செய்துவிடலாம். காட்சி முனைகளுக்குப் பலகை வைத்ததுபோல, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மேலே போகும் சாலையில் நிழல் உள்ள மரத்தடிகளுக்கும் பலகை வையுங்கள். பக்கத்தில் கை கழுவ ஒரு குழாய் போடுங்கள். அதில் தண்ணீரும் வர வேண்டும்.