தேர்டு அம்பயர் சார்

ஆவடியில் டீக்கடைக்கும் பஞ்சமில்லை, தீர்ப்புக்கும் பஞ்சமில்லை. புதிய ராணுவச் சாலையிலோ சி.டி.எச். சாலையிலோ ஸ்டேஷன் வாசலிலோ ஏதாவது ஒரு கடையில் நின்று பாருங்கள். சர்க்கரை கம்மியாக ஒரு டீயை வாங்கி, அதைக் குடிக்காமல் ஆறவைத்தபடி பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் கட்டாயம் தென்படுவார். வயது அறுபத்தைந்துக்குப் பக்கம். முழுக்கைச் சட்டை, முழங்கைவரை மடித்திருக்கும். பையில் ஒரு பேனா, அது எழுதாவிட்டால் இருக்கட்டுமென்று இன்னொரு பேனா. ஸ்கூட்டர் டிக்கியில் ஸ்டீல் டேப். பெற்றோர் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் ஏரியாவில் அவர் ‘தேர்டு அம்பயர் சார்’.

இந்த வகை மனிதர் எல்லா ஊரிலும் உண்டு. ஆனாலும் ஆவடியில் விளைச்சல் அதிகம், மண்வாகு அப்படி. 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா டாங்கி உருவானது, பின்னால் அர்ஜுன். பக்கத்திலேயே என்ஜின் தொழிற்சாலை, சிப்பாய்க்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்., டாங்கியை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ. இந்த ஊரில் சோறு போட்டதே அளவுதான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ‘பாஸ்’, ‘ரிஜெக்ட்’, ‘ரீவொர்க்’ என்று பொருள்களைப் பிரித்துக்கொண்டே இருந்த ஒருவரை, ஒருநாள் சாயந்திரம் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் அவர் எதைப் பிரிப்பார்? உலகத்தைத்தான்.

உலகத்தில் அவர் பிரிப்பது இரண்டு சரக்கு. ராத்திரி கிரிக்கெட், காலையில் கட்டடம்.

அவருக்குப் பிடித்த ஆண்டு 2019. நமக்கெல்லாம் அது கொரோனாவுக்கு முந்தைய வருஷம், அவ்வளவுதான். அவருக்கோ மாதம் ஒரு வழக்கு வந்து விழுந்த பொற்காலம். பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. மார்ச்சில் ஜெய்ப்பூரில், பந்து கையை விட்டுப் போவதற்குள் கோட்டை விட்டு நகர்ந்த ஜோஸ் பட்லரை அஸ்வின் ரன் அவுட் ஆக்கினார். ஏப்ரலில் அதே ஜெய்ப்பூரில், கொடுத்த நோ பாலை அம்பயர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று தோனி மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். மே மாதம் ஐதராபாத்தில் ஐ.பி.எல். இறுதிப் போட்டி, தோனி ரன் அவுட், மும்பையிடம் சென்னை ஒரே ஒரு ரன்னில் தோல்வி. ஜூனில் ஆவடி மாநகராட்சி ஆனது. ஜூலை 14-ல் லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்.

லார்ட்ஸ் என்றதும் டீ கிளாஸ் பெஞ்சுக்கு இறங்கிவிடும்.

“ஓவர்த்ரோ போச்சுன்னா என்ன சட்டம்? பத்தொன்பது புள்ளி எட்டு. ஃபீல்டர் பந்தை எறியற நேரத்துல ரெண்டு பேட்ஸ்மேனும் ஒருத்தரை ஒருத்தர் தாண்டியிருக்கணும். அப்பத்தான் அந்த ரன் கணக்குல சேரும். தாண்டினாங்களா? தாண்டலை. அப்ப அஞ்சு ரன். கொடுத்தது ஆறு. தப்புன்னு அப்புறமா அம்பயர் தர்மசேனாவே ஒத்துக்கிட்டார். மேட்ச் டை, சூப்பர் ஓவரும் டை. கடைசியில பவுண்டரியை எண்ணிப் பார்த்து 26-க்கு 17-னு கப்பைத் தூக்கிக் கொடுத்துட்டாங்க.”

“நியூசிலாந்து தோத்தா நமக்கென்ன சார்?” என்பார் மேஸ்திரி. ஏரியாவில் பாதி வீட்டைக் கட்டியவர் அவர். தினமும் இந்த நேரத்துக்கு இங்கே வந்து வாங்கிக் கட்டிக்கொள்பவரும் அவரே.

“அரையிறுதியில நம்ம தோனியை ரன் அவுட் ஆக்கின கப்டில் எறிஞ்ச பந்துதான்யா அது. அவன் மேல எனக்குப் பாசமா? ரூல்னா ரூல்.”

இந்த நேர்மையைக் கேட்டு நமக்குப் புல்லரிக்கும். உடனே யாராவது ஜெய்ப்பூரை எடுத்தால் புல் அடங்கிவிடும். கேப்டன் மைதானத்துக்குள் வரலாமா என்று கேட்டால், “சட்டப்படி தப்பு. மேட்ச் ஃபீஸ்ல பாதியை அபராதமா கட்டியாச்சு, விஷயம் முடிஞ்சுது. ஆனா அந்த நோ பால் நோ பால்தான்” என்று பெஞ்சைத் தட்டுவார். ஐதராபாத் ரன் அவுட்டில் ஒரு கோணத்தில் மட்டை உள்ளே, இன்னொரு கோணத்தில் வெளியே என்று காட்டினார்கள். உள்ளே காட்டிய கேமரா நல்ல கேமரா, மற்றது மும்பைக்காரன் வைத்தது. பட்லர் விஷயத்தில் பேச்சே கிடையாது. “கோட்டை விட்டுப் போனது அவன் தப்பா, சுட்டிக்காட்டினது நம்ம பையன் தப்பா? 2022-ல எம்.சி.சி. அதை முறையற்ற ஆட்டம்ங்கிற பிரிவுலேருந்து எடுத்து, ரன் அவுட் பிரிவுலயே சேர்த்துட்டான். நான் அன்னிக்கே இங்கே நின்னு சொன்னேன், இல்லையா?” சொன்னார்தான். எம்.சி.சி.க்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் விளங்கவில்லை.

அவருடைய பரம எதிரி ‘அம்பயர்ஸ் கால்’. எல்.பி.டபிள்யூ. ரிவ்யூவில், பந்தில் பாதிக்குக் குறைவாக ஸ்டம்பில் உரசும் என்று கம்ப்யூட்டர் காட்டினால், மைதானத்தில் நிற்கும் அம்பயர் முதலில் சொன்னதே நிற்கும். அவுட் என்றிருந்தால் அவுட், இல்லை என்றிருந்தால் இல்லை. இதைக் கேட்டாலே அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். “ஒரே பந்து, ஒரே ஸ்டம்பு, ரெண்டு தீர்ப்பா? எங்க ஃபேக்டரியில இப்படிப் பண்ணியிருந்தா டாங்கி ரிவர்ஸ்லதான் போயிருக்கும். அளவுன்னா ஒண்ணுதான்யா இருக்கணும்.”

ராத்திரி மேட்ச் பார்த்துக் கண் சிவந்திருந்தாலும் காலை ஆறரைக்கு ஸ்கூட்டர் கிளம்பிவிடும். எந்தத் தெருவில் ஜல்லி கொட்டியிருக்கிறதோ அங்கே நிற்கும். நாளைக்கு ரூஃப் கான்கிரீட் என்றால் இன்றைக்கு இவர் விஜயம் நிச்சயம். சென்ட்ரிங் பலகைமேல் ஏறி, முதல் கம்பியைக் காலால் தட்டிப் பார்ப்பார்.

“மேஸ்திரி, கம்பிக்கு அடியில கவர் பிளாக் எங்கே?”

“முட்டுக் கொடுத்திருக்கேன் சார்.”

“இது கருங்கல் ஜல்லி. கான்கிரீட் கொட்டும்போது ஒருத்தன் மிதிச்சா நகர்ந்துடும். கம்பி பலகையோட ஒட்டிக்கும். நாலு மழை பார்த்தா துரு. பத்து வருஷத்துல சிமென்ட் பொருக்குப் பொருக்கா தலையில விழும். யார் தலை? உன் தலையா?”

“ஓனரே ஒண்ணும் சொல்லலை சார்.”

“ஓனருக்கு என்னய்யா தெரியும்? அவர் டைல்ஸ் கலர் பார்த்துக்கிட்டிருக்கார்.”

மேஸ்திரி முனகிக்கொண்டே பையனை அனுப்பி கவர் பிளாக் வாங்கிவரச் சொல்வார். பில்லரில் ரிங்குக்கும் ரிங்குக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளப்பதும், கான்கிரீட் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பதும் இதே கணக்குதான். கூலி கிடையாது, அழைப்பு கிடையாது, நன்றியும் கிடையாது. ஆனால் இவர் வாயைத் திறந்ததால் ஆவடியில் சில கூரைகள் கெட்டியாக நிற்கின்றன. இதைச் சொல்லாமல் அவரைக் கிண்டல் பண்ணினால் பாவம் சேரும்.

விதியும் விரல்நுனியில். 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம், சட்டம் வேறு, எஃப்.எஸ்.ஐ. வேறு என்பார். மழைநீர்த் தொட்டியை 2003-ல் கட்டாயமாக்கினார்கள் என்பார். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தை மட்டும் அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர், எல்லாம் விதிப்படிதான் என்று ஆன்லைனில் தானே உறுதி சொல்லி உடனே அனுமதி வாங்கலாம். நாயாய் அலையும் வேலை மிச்சம் என்று ஊரே வாழ்த்த, இவர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“2003 உலகக் கோப்பை அரையிறுதி. கில்கிறிஸ்ட் பேட்ல பட்டு கேட்ச். அம்பயர் நாட் அவுட்டுன்னுட்டார். அவனே நடந்து போயிட்டான். உலகமே கைதட்டிச்சு. ஏன்? அப்படி ஒருத்தன் போறது அதிசயம்ங்கறதால. கவர்மென்ட் இப்ப என்ன நினைக்குது? தமிழ்நாட்டுல மனை வாங்கறவன் எல்லாம் கில்கிறிஸ்ட்னு நினைக்குது. ஃபேக்டரியில பொருள் செய்யறது ஒரு அமைப்பு, அதை ஆய்வு பண்ணிப் பாஸ் பண்றது வேற அமைப்பு. செய்யறவனே பாஸ் பண்ணினா எதுக்குய்யா இன்ஸ்பெக்‌ஷன்?”

இதைப் பேசி முடித்ததும் அவர் முகம் மாறும். அடுத்து வருவது மௌலிவாக்கம் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். 2014 ஜூன் 28, சனிக்கிழமை, மழை. போரூருக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் போனார்கள், பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளிகள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த சில நொடிகளை டி.வி. திரும்பத் திரும்பப் போட்டது. “மேட்ச்ல ரீப்ளே பார்த்து முடிவை மாத்தலாம். இதுல ரீப்ளே பார்த்து எதைய்யா மாத்துவே?” என்பார். பவுண்டரி எண்ணிக் கோப்பை கொடுக்கும் விதியை 2019-லேயே ஐ.சி.சி. தூக்கிவிட்டது, அதற்கு ஒரு அணி தோற்றால் போதுமாக இருந்தது. வகுப்பறைக்குக் கீற்றுக்கூரை கூடாது என்று நமக்கு உறைக்க, 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போகவேண்டியிருந்தது. இதையும் அவர்தான் சொல்வார். அப்போது யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மாஸ்டரும் டீ ஆற்றுவதை நிறுத்திவிடுவார்.

இத்தனையும் கேட்டுவிட்டு, அவரை வீட்டில் விடுகிறேன் என்று கூடவே போகக் கூடாது. போனால் வீட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அரை கிரவுண்டு மனை. அனுமதி தரையும் ஒரு மாடியும். நிற்பது தரையும் இரண்டு மாடியும். இரண்டாவது, மாடி ஆகாது. அது படிக்கட்டுக்கு மேலே வரும் ஹெட்ரூம். அந்த ஹெட்ரூமுக்கு அட்டாச்டு பாத்ரூம் உண்டு, மாதம் பிறந்தால் வாடகையும் உண்டு. பக்கத்தில் காலியாக விடவேண்டிய இடத்தில் மாடிப்படி ஏறுகிறது. மழைநீர்க் குழாய் மொட்டை மாடியிலிருந்து ஒழுங்காக இறங்கி, தரைக்கு ஒரு ஜாண் மேலே வந்து, போதும் என்று நின்றுவிட்டது. கீழே தொட்டி இல்லை. வாசல் சாய்தளம் மழைநீர் வடிகாலை மூடிக்கொண்டு தெருவில் நாலடி நீளுகிறது. மாடி சன்ஷேடு எல்லையைத் தாண்டித் தெருப்பக்கம் இரண்டடி எட்டிப் பார்க்கிறது. கைநீட்டினால் கரண்ட் கம்பி.

சன்ஷேடு பற்றி ஒருமுறை மேஸ்திரி வாயைத் திறந்தார். பதில் தயாராக இருந்தது.

“நோ பால் ரூல் தெரியுமா உனக்கு? பவுலரோட முன்னங்கால்ல ஏதாவது ஒரு பாகம் கோட்டுக்குப் பின்னாடி இருந்தா போதும். விரல் வெளியில போகலாம். குதிகால் அந்தரத்துல கூட இருக்கலாம். என் வீட்டு அஸ்திவாரம் எங்கே இருக்கு? உள்ளே. சன்ஷேடு விரல்தான்யா. இது லீகல் டெலிவரி.”

மேஸ்திரிக்கு அதற்குமேல் சட்டம் தெரியாது. இதில் ஒரு துளிகூட நடிப்பு இல்லை என்பதுதான் விசேஷம். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஊரார் கட்டடத்தை அளக்கும்போது அவர் இன்ஸ்பெக்டர், தன் வீட்டுக்குள் நுழைந்ததும் புரொடக்‌ஷன் ஆள். செருப்போடு சேர்த்து டேப்பையும் வாசலிலேயே விட்டுவிடுவார்.

கிரிக்கெட்டுக்கு இந்த நோய் பழகியது. சொந்த ஊர் அம்பயர் சொந்த ஊர்க்காரனுக்கு அவுட் கொடுக்கமாட்டார் என்ற புகார் ஓயாமல் வரவே, 1986-ல் லாகூரில் நடந்த பாகிஸ்தான் - மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட்டுக்கு இரண்டு இந்தியர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்: வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். நடுநிலை அம்பயர் பழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. நம் ஊர் வெங்கட்ராகவன் கிண்டியில் என்ஜினியரிங் படித்தவர். 57 டெஸ்ட் ஆடி, 73 டெஸ்ட்டுக்கு அம்பயராக நின்றவர். அவரையும் உலகம் சுற்ற அனுப்பியதற்கு இதுதான் காரணம். அடுத்தவர் வீட்டு ஆட்டத்தில்தான் மனுஷனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

போன வருஷம் சாரின் எதிர்வீட்டை ஒருவர் வாங்கினார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், அண்ணனூர் பக்கம் மின்சார ரயில் பெட்டிகளைச் செக் பண்ணியே தலை நரைத்தவர். பால் காய்ச்சிய மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் கையிலும் ஒரு டேப்.

“வணக்கம் சார். தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க சன்ஷேடு ரெண்டடி ஒரு அங்குலம் வெளியில வருது. ஈ.பி. கம்பி வேற ஓடுது. மேல குடியிருக்கிற பிள்ளைங்க ஈரத்துணி காயப்போட்டா என்ன ஆகும்?”

தேர்டு அம்பயர் சார் வாயைத் திறந்தார், மூடினார். நோ பால் ரூலை எடுத்துவிட்டார். ரயில்வேக்காரர் கிரிக்கெட் பார்ப்பதில்லையாம். மூன்று நாள் டீக்கடையில் சத்தமில்லை. நாலாம் நாள் சாரே மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினார்.

இடிக்கும்போதும் சும்மா இருக்கவில்லை. பச்சை வலை எங்கே, கீழே கயிறு கட்டினாயா, ஹெல்மெட் எங்கே, ஈ.பி.யில் சொல்லி கரண்டை நிறுத்தினாயா என்று தெருவே அதிரச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவுட்டான பேட்ஸ்மேனே அம்பயராகவும் நின்றதை ஆவடி அன்றைக்குத்தான் பார்த்தது. ஒன்றேகால் அடி கீழே விழுந்ததும் கையைத் தூக்கி, “போதும், நிறுத்து” என்றார்.

மேஸ்திரி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னும் முக்கால் அடி இருக்கே சார்?”

“பாதிக்குக் கீழேதானே நிக்குது? அது அம்பயர்ஸ் கால்.”