சில்லுக்கும் மஸ்டரிங் வேண்டும்

பெறுநர்: சி-டாக், வெள்ளையம்பலம், திருவனந்தபுரம்.
அனுப்புநர்: பாறசாலைப் பக்கம் ஒரு வாயனசாலையில் (வாசகசாலையில்) சாயங்காலந்தோறும் சால்டரிங் புகை கிளப்புகிறவன்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

நம்ம ஜில்லாவிலேயே புராசசர் வடிவமைக்கிறீர்கள் என்பதில் எங்களுக்குள்ள பெருமைக்கு அளவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசு ‘டிஐஆர்-வி’ புராசசர் திட்டத்தை அறிவித்தபோது, சென்னை ஐஐடியின் ‘சக்தி’யோடு உங்கள் ‘வேகா’வும் மேடையேறியது. 100 மெகாஹெர்ட்ஸ் ஓட்டமும் 256 கிலோபைட் நினைவகமும் கொண்ட தேஜஸ்32 சில்லைச் சுமந்த ஏரீஸ் பலகை, அர்டுயினோவின் உருவத்திலேயே வந்தது. 2025 டிசம்பரில் இரண்டு கோர் துருவ்64 சில்லும் வந்துவிட்டது. வெடி போட்டுக் கொண்டாடியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வாயனசாலைப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு கணினிப் பலகை செய்ய ஆசை. எந்தப் புராசசர் போடலாம் என்று விசாரித்தோம். கடைக்காரர் விலையைச் சொன்னார், விளம்பரம் வேகத்தைச் சொன்னது, தேசபக்தர் பிறந்த ஊரைச் சொன்னார். “பத்து வருஷம் கழிச்சு இதுல புது லினக்ஸ் ஓடுமா அண்ணா?” என்று எட்டாம் கிளாஸ் படிக்கும் ஒருத்தி கேட்டாள். மூவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. இன்டெல் என்ன சின்னக் கம்பெனியா? 2013-இல் கலிலியோ, 2014-இல் எடிசன், 2016-இல் ஜூல் என்று பலகைகளை இறக்கியது; 2017-இல் மூன்றுக்கும் ஒன்றாகக் காரியம் முடித்தது. 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பை வேகத்தில் ஜூலின் பக்கத்தில் நிற்காது. ஆனாலும் அதற்கு இன்றைக்கும் புதிய இயங்குதளம் வருகிறது.

காரணம் ரகசியமில்லை. ஒரு சில்லுக்கான டிரைவர் லினக்ஸின் மூலக் கர்னலுக்குள் சேர்ந்துவிட்டால், உள்ளமைப்பை மாற்றுகிற ஆளே அந்த டிரைவரையும் திருத்திக் கொடுக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். சேராமல் கம்பெனியின் சொந்தக் கர்னலில் கிடந்தால் கம்பெனிதான் கதி. எல்லைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நெய்யாறு அணை இந்தப் பக்கம், அதன் இடதுகரைக் கால்வாயை நம்பிய விளவங்கோடு வயல்கள் அந்தப் பக்கம். 1956-இல் நடுவே மாநில எல்லை விழுந்தது. 2004-இல் தண்ணீர் நின்றது. கால்வாய் என்னவோ இருக்கிறது, மடை மட்டும் வேறொருவர் கையில்.

கட்டளைத்தொகுதி திறந்தது, ரிஸ்க்-வி, யாருக்கும் காப்புரிமைப் பணம் கட்டவேண்டாம் என்பீர்கள். சரிதான். அந்தத் திறப்பால் தேஜஸ்32-க்கு ஜிசிசி கம்பைலர் எப்போதும் கிடைக்கும். சின்னச் சில்லுக்கு அதுவே பாதி ஆயுள். பெரிய சில்லின் பாடு அப்படியில்லை. உபுண்டு 25.10 வந்தபோது ஆர்விஏ23 என்ற தகுதியுள்ள ரிஸ்க்-வி சில்லுகளுக்கே இனி இடம் என்றார்கள். அதுவரை விற்றிருந்த பலகைகள் ஏறக்குறைய எல்லாமே வாசலுக்கு வெளியே நின்றன. ரசீதின் மசி காயாதவையும் அவற்றில் உண்டு.

ஆகவே என் விண்ணப்பம் இது. எங்கள் ஊர்க் கிழவிகள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க வருஷாவருஷம் அக்ஷயா மையத்தில் கைரேகை வைத்து மஸ்டரிங் செய்கிறார்கள். செய்யாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். 2025 வரை 1,600 ரூபாயாக இருந்த பென்ஷனுக்கே அந்தக் கெடுபிடி உள்ள நாட்டில், சில்லுக்கு ஏன் விலக்கு? வருஷத்துக்கு ஒருமுறை அந்த வருஷத்துக் கம்பைலரையும், பெரிய சில்லானால் அந்த வருஷத்து மூலக் கர்னலையும் போட்டு, கம்பெனி ஒட்டுப்போட்ட கோப்பு ஒன்றுகூட இல்லாமல், ஒரு எல்இடி-யைச் சிமிட்டவைத்துக் காட்டட்டும். சிமிட்டினால் பெட்டிமேல் அந்த ஆண்டு முத்திரை. சிமிட்டாவிட்டால் ‘சுதேசி’, ‘அதிவேகம்’ இரண்டு சொல்லையும் அழித்துவிடலாம். அந்நியச் சில்லுகளுக்கும் இதே சட்டம்தான், பாரபட்சம் கிடையாது.

பதில் தமிழிலோ மலையாளத்திலோ இருக்கலாம், இங்கே இரண்டும் ஓடும். டேட்டாஷீட்டையே பதிலாக அனுப்பவேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பலகையை இன்னும் பெட்டியில் போடாத ஒருவன்.

இணைப்பு: ஏரீஸ் பலகை ஒன்று, முதல் மஸ்டரிங்குக்காக. கைரேகை கிடையாது, சீரியல் போர்ட்டில் விசாரிக்கவும்.