திறந்தவெளிக் குழவிப் படவியலில் தாத்தா வேட்டியின் இடம்: ஒரு முன்னாய்வு

பெற்றோர் தம் பிள்ளைகளை வெட்டவெளியில் நிறுத்திக் கைப்பேசியால் படம் பிடிக்கும் செயல் தமிழில் இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. ஆராயப்படாத ஒன்று கண்ணில் பட்டால் அதை ஆராய்ந்தே தீர வேண்டும் என்பது நம் பல்கலைக்கழகங்களின் நெடுநாள் கொள்கை. தேவைதானா என்ற வினா ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் அவ்வாறே அப்பாற்பட்டவர்கள். கேக்குக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளும் இங்கே சேர்க்கப்படவில்லை. அது தனித்துறை, அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே: படம் கெட்டுப்போவதற்குப் பிள்ளை காரணமன்று. பெற்றோர் தரப்பில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தமை இங்கே பதிவு செய்யப்படுகிறது.

முதலில் முதற்பொருள். அதில் நிலத்தைப் பிறகு பார்க்கலாம், பொழுதே தலையாயது. நண்பகலைப் பாலைக்கும் எற்பாட்டை நெய்தலுக்கும் வகுத்த முன்னோர் கேமரா இல்லாமலேயே படவியலின் பாதியை முடித்துவிட்டனர். பாலையின் உரிப்பொருள் பிரிவு. நண்பகலில் எடுத்த படத்தில் கண்ணும் முகமும் பிரிந்தே கிடக்கும் என்பது கண்கூடு. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் பிறக்கும். புருவத்தின் நிழல் கண்குழிகளை நிரப்ப, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழ, ஐந்து வயதுப் பெண்குழந்தை மீசையோடு காட்சி தருவாள். இதைக் கண்ட தாத்தா, 'என் அப்பா மாதிரியே இருக்கிறாள்' என்று மகிழ்வது மரபு. மரபு ஆதாரமாகாது என்க.

எற்பாட்டின் பொன்னொளி ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று கையேடுகள் கூறும். அது வடக்கே, சூரியன் சாய்வாகச் சறுக்கி மெல்ல இறங்கும் நாடுகளின் கணக்கு. நம் ஊரில் அது ஏறக்குறைய நேர்க்குத்தாக விழுகிறது. அடிவானுக்கு மேல் ஆறு பாகை உயரத்தில் இருக்கும் சூரியன் சுமார் 25 நிமிடத்தில் மறைந்துவிடும். செருப்பைத் தேடவும் தலைவாரவும் சட்டைப் பொத்தான் போடவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு என்பதை அவரவர் குடும்பக் கணக்கில் கண்டுகொள்க. ஒரு மணி நேரத்தை அப்படியே ஒப்பிப்பவர்கள் வெளியே போய்ப் பார்த்ததில்லை. ஆய்வாளர்கள் பொதுவாக அந்நேரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, 'சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்' என்னும் தொல்விதி. இதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1900இல் கோடாக் நிறுவனம் ஒரு டாலருக்கு விற்ற பிரௌனி பெட்டிக் கேமராவில் துளையின் அளவைப் பெற்றோரால் மாற்ற இயலாது, ஃபிலிமும் மந்தம். கிடைக்கும் வெளிச்சமெல்லாம் முகத்தில் விழுந்தாலன்றிப் படம் இருண்டுபோகும். அந்தப் பெட்டி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, விதி மட்டும் பெரியப்பாக்களிடம் தங்கிவிட்டது. இதன் விளைவுகள் இரண்டு: பிள்ளை கண்ணைச் சுருக்கும்; படத்தின் அடிப்பகுதியில் இரு கைகளையும் தூக்கிய ஓர் ஆணின் நிழல் கிடக்கும். பின்னதை 'தந்தை நிழற்றுறை' என வழங்குக.

மெரினாவுக்கு இதைப் பொருத்திக் காண்போம். கடல் கிழக்கே. மாலையில் கடலைப் பின்னால் வைத்துப் பிள்ளையை நிறுத்தினால் ஊருக்கு மேலே இறங்கும் வெயில் நேரே கண்ணில் குத்தும். பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பினால் ஒரு கன்னம் ஒளிரும், மறுகன்னம் அடங்கும். முகத்துக்கு உருவம் வரும். காலையிலோ சூரியன் பிள்ளைக்குப் பின்னால். முடியின் ஓரமெல்லாம் பொன்னிழை ஓடும், முகம் மட்டும் கரியாகும். கேமரா கடலின் பிரகாசத்தை நம்பி மோசம் போகிறது. அது பிள்ளையைப் பெறவில்லையல்லவா? திரையில் முகத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சக் குறியைச் சற்று மேலே இழுத்தால் முகம் தெளியும். கடல் வெளுத்துப் போனால் போகட்டும். கடல் நாளைக்கும் இருக்கும்.

இடஅமைப்பியலைச் சுருக்கமாகவே முடிக்கலாம். சட்டகத்தை மூன்றாகப் பகுக்கும் விதிக்கு அப்பெயரை 1797இல் தம் நூலில் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். அவர் பேசியது நிலக்காட்சி ஓவியம் பற்றி; ஐஸ்வண்டியை நோக்கி ஓடுகிற பிள்ளையைப் பற்றியன்று. ஆயினும் ஓடுகிற திசையில் இடம் விட்டு எடுத்தால் பிள்ளை சுவரில் மோதுவதுபோல் தோன்றாது என்ற அளவில் விதி பயன்படும்.

தலையில் முளைத்த மின்கம்பம்: ஓரடி நகர்ந்து நிற்க.

உயரம்: கேமரா பிள்ளையின் கண்மட்டத்துக்கு வர வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து, கால் சிறுத்து, பிள்ளை பொம்மலாட்டப் பொம்மை போல் தோன்றும். கைப்பேசியின் அகல லென்ஸ் நெருங்க நெருங்க மூக்கைப் பெருக்கும் என்பதால் குந்தி, பின்வாங்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பதே செம்மை. குந்தியவர் எழுவதற்கான முறை இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.

இனி, தலைப்புக்குரிய பொருள்.

வெயிலைவிட நிழல் நல்லது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த நிழல் என்பதில்தான் பூசல். வேப்பமரத்தடி என்பார் ஒரு சாரார். இலையிடுக்கில் வழியும் வெயில் பிள்ளையின் முகத்தில் தேமல்போல் திட்டுத் திட்டாக விழுவதை அவர்கள் கவனிக்கவில்லை. கட்டடத்தின் நிழலே சிறந்தது. எதிரே திறந்த வானம் இருந்தால் ஒளி ஒரே சீராக முகத்தை வந்தடையும். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. மதியத்துக்குப் பின் அதன் முன்னே பாறையின் நிழல் விழும். அங்கே நிறுத்தப்பட்ட பிள்ளை கண்ணைச் சுருக்காது. பல்லவர் இதை நினைத்துச் செதுக்கினார்களா என்பதை அடுத்த ஆய்வேட்டுக்கு விட்டுவைக்கிறோம்.

ஆனால் நிழலிலும் தாடைக்கடியிலும் கண்ணுக்கடியிலும் சற்றே இருள் தங்கும். அதை நீக்க முகத்தின் மீது ஒளியைத் திருப்பியடிக்க வெள்ளையான ஒன்று வேண்டும். சினிமாக்காரர்கள் தெர்மாகோல் பலகை வைத்திருப்பார்கள். துணிக்கும் சான்று உண்டு. 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றம் ஸ்டூடியோவில் அமைக்கப்பட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணி விரித்து விளக்கொளியை அதில் மோதவிட்டுப் பகல்வெளிச்சத்தை உண்டாக்கினார். குடும்பச் சுற்றுலாவில் தாமாகவே நடந்து வரும் வெள்ளைத் துணி ஒன்றே. அது தாத்தாவின் வேட்டி.

முறையாவது: பிள்ளை நிழலில், தாத்தா வெயிலில், பிள்ளைக்கு எதிரே, சட்டகத்துக்கு வெளியே. தாத்தாவும் நிழலுக்கு வந்துவிட்டால் வேட்டிக்குப் படவியல் மதிப்பு ஏதுமில்லை, குடும்ப மதிப்பு மட்டுமே எஞ்சும். நெருங்க நெருங்க ஒளி கூடும். ஆகவே 'இன்னும் கொஞ்சம் முன்னால வாங்கப்பா' என்பதே இத்துறையின் மூலச் சொற்றொடர்.

வேட்டியின் நிறம் குறித்து முதலில் விவாதத்தைத் தொடங்கியவர் பெரிய அத்தை. காவி வேட்டி பிள்ளைக்கு மஞ்சள்காமாலை வந்ததுபோல் காட்டும் என்பது அவர் துணிபு (பெரிய அத்தை, குடும்ப வாட்ஸப் குழு, பின்னிரவுப் பதிவு, பின்னர் அழிக்கப்பட்டது, எனினும் அதற்குள் எல்லோரும் படித்துவிட்டனர்). இது சரியே. நிறமுள்ள எப்பரப்பும் தன் நிறத்தையே திருப்பித் தரும். புல்வெளியில் உட்காரவைத்த பிள்ளையின் தாடை பச்சையடிப்பதும் இதனால்தான். சொட்டு நீலம் போட்ட வேட்டியா, போடாத வேட்டியா என்ற கிளைவினாவுக்கு விடை கண்டவர் பாட்டி: நீலம் அளவாகப் போட்டதே உத்தமம் (பாட்டி, சலவைக் கணக்கு நோட்டின் பின்னட்டைக் குறிப்பு, அட்டை அடுப்பெரிக்கப் போய்விட்டதால் நேரில் கண்டவரின் வாய்மொழி, கண்டவரும் பாட்டியே).

பெரும்பூசல் மடித்துக்கட்டிய வேட்டியைப் பற்றியது. மடித்தால் பரப்பு பாதியாகும், ஆகவே ஒளியும் பாதியாகும் என்பது எளியோர் கொள்கை. அற்றன்று. மடிக்கையில் துணி இரண்டடுக்காகிறது. ஒற்றையடுக்கில் ஊடுருவித் தப்பிய ஒளியில் ஒரு பங்கை இரண்டாம் அடுக்கு பிடித்துத் திருப்பும். எனவே இழப்பு பாதிக்கும் குறைவே என்று நிறுவியவர் சின்ன மாமா (குரல்பதிவு, முற்பகுதி இருமலாலும் பேருந்து ஹாரனாலும் சிதைந்துள்ளது, எஞ்சியதை எழுத்தில் பெயர்த்துப் பதிப்பித்தவர் சின்ன மாமி, மூலமும் பதிப்பும் எதிரெதிர்ப் பொருள் தருவதால் பதிப்பே மூலமென்று குடும்பத்தில் கொள்ளப்படுகிறது). இதற்கு மறுப்பாக, மடித்துக்கட்டினால் பிள்ளையின் கண்மட்டத்தில் வேட்டிக்குப் பதிலாகத் தாத்தாவின் முழங்கால்தான் எதிர்ப்படும் என்று கேட்டவள் பேத்தி. இம்மறுப்புக்கு இதுவரை விடை எழுதப்படவில்லை. எழுதுவோருக்கு முனைவர் பட்டம் எளிதில் கிட்டும்.

தாத்தாவின் கருத்து கேட்கப்படவில்லை. தரவுகளிடம் கருத்துக் கேட்பது முறையியலுக்கு முரண்.

இறுதியாக, மாமல்லபுரத்துக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. சரிவில் நிற்கும் அந்தப் பாறையைத் தம் பிள்ளை ஒற்றைக் கையால் தாங்குவதாக எடுக்காத பெற்றோர் அரியர். பிள்ளை கேமராவுக்கு அருகிலும் பாறை தொலைவிலும் இருக்க வேண்டும். எடுப்பவர் தாழ்ந்திருக்க வேண்டும். 'கையை இன்னும் மேல, இல்லை கீழ' என்று கத்துவதைவிட எடுப்பவர் கேமராவை நகர்த்துவது விரைவு.

இந்தப் பாறையை 1908இல் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தார், அது அசையவில்லை என்று பலரும் எழுதியுள்ளனர். ஒருவரைப் பார்த்து ஒருவராக இன்றும் எழுதிக்கொண்டிருக்கின்றனர். ஹேவ்லாக் ஆளுநராக இருந்தது 1896 முதல் 1900 வரை. 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி. யானைகளை ஒன்று விடாமல் எண்ணிய அறிஞர் பெருமக்கள் ஆளுநர் பட்டியலைப் புரட்டிப் பார்க்கவில்லை. பாறையைப் போலவே அந்த ஆண்டையும் எவராலும் அசைக்க முடியவில்லை.

இக்கட்டுரையை எவரும் மேற்கோள் காட்டலாம். ஆண்டுகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும். வேட்டி பற்றிய பகுதியில் திருத்தம் தேவையில்லை.