மக்கள் மாட்டேன் என்றால் கார்ப்பரேஷன் இருக்கிறது

நியூயார்க் மாநிலத்துக்கு ஒரு பழைய சாபம் உண்டு. மாநில அரசு தன் பெயரில் நீண்ட காலக் கடன் வாங்க வேண்டுமென்றால் வாக்காளர்களிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். அரசியல் சட்டத்திலேயே அப்படி எழுதி வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். 1959இல் கவர்னராக வந்த நெல்சன் ராக்ஃபெல்லருக்கு இது எவ்வளவு பெரிய இம்சை என்று யோசித்துப் பாருங்கள். தாத்தா எண்ணெய் விற்றே உலகப் பணக்காரர் ஆனவர். தம்பி டேவிட் சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் பெரிய ஆள். இவர் மட்டும் ஏழைகளுக்கு வீடு கட்டுவதற்குத் தெருவில் போகிற வருகிறவரிடமெல்லாம் “கொஞ்சம் கடன் வாங்கிக்கட்டுமா?” என்று கேட்க வேண்டுமாம். கேட்டார்கள். ஜனங்கள் மாட்டோம் என்றார்கள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் மாட்டோம்.

அப்போதுதான் ஜான் மிட்செல் வருகிறார். வால் ஸ்ட்ரீட் பத்திர வக்கீல். அரசு அமைப்புகள் கடன் பத்திரம் வெளியிடும்போது யாரும் படிக்காத பொடி எழுத்துகளை எழுதிக் கொடுப்பது அவர் தொழில். 1960இல் வீட்டு வசதிக்கான நிதி அமைப்பு ஒன்றுக்காக அவர் உருவாக்கிக் கொடுத்த சரக்குக்குப் பெயர் ‘தார்மீகக் கடமைப் பத்திரம்’.

விஷயம் இதுதான். அரசு ஒரு கார்ப்பரேஷனைத் தொடங்கும். பத்திரம் போடுவது கார்ப்பரேஷன், அரசு அல்ல. ஆகவே வாக்காளரிடம் போக வேண்டியதில்லை. ஒரு வருஷத்துக் கடன் தவணைக்குத் தேவையான பணத்தைக் கையிருப்பு நிதியாக ஒதுக்கி வைப்பார்கள். அது குறைந்தால் கார்ப்பரேஷன் தலைவர், ‘இவ்வளவு துண்டு விழுகிறது’ என்று கவர்னருக்கு ஒரு சான்றிதழ் அனுப்புவார். சட்டசபை மனமிருந்தால் பணம் தரும். தராவிட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது, ஏனென்றால் ‘இது மாநிலத்தின் கடன் அல்ல’ என்று பத்திரத்திலேயே அச்சடித்திருக்கும். ஜாமீன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, “பையன் நம்ம பையன்தான், நான் பார்த்துக்க மாட்டேனா?” என்று கடன் கொடுப்பவரின் தோளைத் தட்டுகிற சித்தப்பாவைப் பார்த்திருப்பீர்களே, அவரைச் சட்டமாக்கிவிட்டார் மிட்செல். வட்டிக்கு வருமான வரி கிடையாது என்பதால் வசதியானவர்கள் சித்தப்பாவை நம்பி வாங்கினார்கள். வாக்காளர்களைச் சுற்றிப் போகிற குறுக்கு வழியா இது என்று பல வருஷம் கழித்து ஒருவர் கேட்டபோது, அதற்காகத்தானே செய்தது என்கிற தோரணையில் பதில் சொன்னார் மிட்செல். நேர்மையான மனிதர், அந்த ஒரு விஷயத்தில்.

1968 ஏப்ரல் 9. அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கு. அதே நாளில் நியூயார்க் சட்டசபையில் நகர்ப்புற வளர்ச்சிக் கழகம் என்ற புதிய கார்ப்பரேஷனுக்கான மசோதா. கிங்குக்கு இதுவே உண்மையான அஞ்சலி என்றார்கள். சபை அஞ்சலியைத் தோற்கடித்தது. ராக்ஃபெல்லர் கையை முறுக்கினார். இனிமேல் தனிப்பட்ட சலுகை என்று என்னிடம் யாரும் வரவேண்டாம் என்று உறுப்பினர்களுக்குச் சேதி போனது. நள்ளிரவுக்குள் அதே சபைக்குக் கிங் மீது பக்தி பெருகி, மசோதா நிறைவேறியது.

கழகத்தை நடத்த வந்தவர் எட் லோக், பாஸ்டன் நகரை இடித்துக் கட்டிய அனுபவசாலி. உள்ளூர்க் கட்டட விதிகளைத் தாண்டிப் போகவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. பணம் வந்த பிறகு கட்டுவது மற்றவர் வழக்கம். லோக் குறுகிய கால நோட்டுகளில் கைமாற்று வாங்கி அஸ்திவாரத்தைத் தோண்டிவிட்டு, அதை அடைக்கப் பிற்பாடு நீண்ட காலப் பத்திரம் விற்பார். குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மனிதர் கட்டினார். சுமார் 33,000 வீடுகள். ஒரு காலத்தில் சிறையும் மனநோய் விடுதியும் இருந்த தீவு ரூஸ்வெல்ட் தீவு என்று பெயர் மாறி ஊரானது. இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

1973 ஜனவரியில் நிக்சன் அரசு வீட்டு மானியத்தை நிறுத்தியது. மானியத்தை நம்பித்தான் வாடகை, வாடகையை நம்பித்தான் பத்திரம். ராக்ஃபெல்லர் அந்த வருஷக் கடைசியில் பதவியைத் துறந்து, அடுத்த வருஷம் துணை ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார். வங்கிக்காரர்கள் மெதுவாகக் கைவிரித்தார்கள். 1975 பிப்ரவரி 25 அன்று கழகம் 10 கோடியே 45 லட்சம் டாலர் நோட்டுகளைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. வேடிக்கை என்னவென்றால், நின்றது தார்மீகப் பத்திரம் அல்ல. சித்தப்பாவின் தோள்தட்டல்கூட இல்லாத அந்தக் கைமாற்று நோட்டுகள். இதற்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, ஜனவரி 1 அன்று, தார்மீகத்தைக் கண்டுபிடித்த மிட்செலை வாட்டர்கேட் வழக்கில் குற்றவாளி என்று ஜூரி சொல்லியிருந்தது. இடையில் நிக்சனின் அட்டர்னி ஜெனரலாக வேறு இருந்தார் அவர்.

கடன் கொடுத்தவர்களுக்குக் கடைசியில் பணம் வந்துவிட்டது. எப்படி? இன்னோர் அரசு அமைப்பை ஆரம்பித்து. அதே வருஷம் நியூயார்க் நகரமே தள்ளாடியபோது அதற்கும் ஜூனில் ஒரு கார்ப்பரேஷன் போட்டார்கள், அதுவும் பத்திரம் விற்றது. தலைவலிக்கு இவர்களிடம் ஒரே மாத்திரைதான்.

கழகத்தை மூடிவிடுவார்கள் என்று நினைத்திருந்தால் உங்களுக்கு அரசாங்கம் பழக்கமில்லை. 1981இல் புதிய சிறைகள் கட்ட 50 கோடி டாலர் கடன் வாங்கலாமா என்று வாக்காளரைக் கேட்டார்கள். வழக்கம்போல மாட்டோம். அடுத்து வந்த கவர்னர் மாரியோ குவோமோவுக்குக் கழகத்தின் ஞாபகம் வந்தது. கிங்கின் நினைவாக ஏழைகளுக்கு வீடு கட்டப் பிறந்த கழகம் பத்திரம் போட்டுச் சிறை கட்ட ஆரம்பித்தது. அதுவும் ஒருவகை வீட்டு வசதிதான், வாடகைப் பாக்கியே வராது.

உச்சம் 1991. பட்ஜெட்டில் பள்ளம். விற்க என்ன இருக்கிறது என்று அரசு வீட்டைச் சுற்றிப் பார்த்தது. ஆட்டிக்கா சிறை கண்ணில் பட்டது. 1971இல் கைதிகள் கலகம் செய்து, ராக்ஃபெல்லர் ஆட்சியின் போலீஸ் சுட்டு மீட்டு, மொத்தம் 43 பேர் செத்த அதே ஆட்டிக்கா. அதை அரசு, தன் சொந்தக் கழகத்துக்கே 20 கோடி டாலருக்கு விற்றது. கழகத்திடம் ஏது காசு? பத்திரம் விற்றது. வந்த பணத்தை அரசு அந்த வருஷ வருமானக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. பிறகு அதே சிறையைக் கழகத்திடமிருந்து வாடகைக்கு எடுத்தது. வருஷா வருஷம் வாடகை கழகத்துக்கு, அங்கிருந்து வட்டியும் முதலுமாகப் பத்திரக்காரர்களுக்கு. வாக்காளரை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் மாறிவிட்டார் என்று கைதிகளில் ஒருவரையும் காலி செய்யச் சொல்லவும் இல்லை.