முஸ்தபா பெக்கும் ஓவர்லோட் ரிலேயும்

வேலூர்க் கோட்டையில் தோலால் வந்த பெரிய வம்பு 1805 நவம்பரில் தொடங்கியது. சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்குக்கு, சிப்பாய்கள் எல்லோரும் வார்த்து எடுத்ததுபோல் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று ஓர் ஆசை. நெற்றிக் குறியை அழி, கடுக்கனைக் கழற்று, தாடியை எடு என்றார்கள். அதோடு விட்டிருந்தால் முணுமுணுப்போடு போயிருக்கும். புதுத் தலைப்பாகை ஒன்றையும் நீட்டினார்கள். அதில் தோலால் செய்த குஞ்சம். எந்த மிருகத்தின் தோல் என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆகவே இந்துக்கள் பசு என்று நினைத்துக்கொண்டார்கள், முஸ்லிம்கள் பன்றி என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரையும் ஒரே குஞ்சத்தால் ஒரே நேரத்தில் கொதிக்க வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சிக்கனம்.

1806 மே மாதமே முனகல் கேட்டது. தலைப்பாகையைத் தொட மாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள். சவுக்கடி கொடுத்து, சீட்டைக் கிழித்து, முனகலை நிறுத்திவிட்டதாக நம்பினார்கள். ஜூன் 17 அன்று முஸ்தபா பெக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், "ஐயா, சதி நடக்கிறது, எல்லோரையும் தீர்த்துக்கட்டப் போகிறார்கள்" என்று சொன்னான். கர்னல் நேர்மையான மனிதர். விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார் என்றால், சுதேசி அதிகாரிகளிடம். அவர்களில் சிலர் சதியிலேயே இருந்தவர்கள். அவர்கள் ஆழ்ந்து ஆராய்ந்து, முஸ்தபா பெக்குக்குப் பைத்தியம் என்று அறிக்கை கொடுத்தார்கள். ஆளைப் பிடித்து அடைத்தாயிற்று. கோட்டையில் அமைதி. ஜூலை 10 அதிகாலை கோட்டையில் கலகம் வெடித்தது.

பிறகு கலகத்தை அடக்க ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப் படையோடு பாய்ந்து வந்ததும், கோட்டைக்குள் ரத்தம் ஓடியதும் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கிரடாக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்க்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. அதே பெண்டிங்க் பின்னாளில் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குக் கோட்டையே எரிந்தாலும் இடமாற்றம்தான்.

எனக்கு இந்தக் கதையில் வேண்டியது முஸ்தபா பெக் ஒருவன்தான். அவன் இன்றும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களில், தோல் பதனிடும் டேனரிகளில், சுவரோரத்து இரும்புப் பெட்டிக்குள் உத்தியோகம் பார்க்கிறான். இப்போது அவன் பெயர் ஓவர்லோட் ரிலே; மோட்டார் அளவு மீறிக் கரண்ட் இழுத்தால் அதை நிறுத்துவது அவன் வேலை. "முதலாளி, சூடு ஏறுது" என்று அவன் டிரிப் அடிப்பான். "இதுக்கு வேற வேலையில்ல, ரிலே கெட்டுப்போச்சு" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார். ஒரு துண்டு ஒயரைப் போட்டு அவன் வாயைக் கட்டிவிடுவார்கள்.

மோட்டாரை வதைத்துவிட்டு மற்றவரைத் திட்டுவது நமக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. அமெரிக்காவில் கூழாங்கல் உருட்டுவது ஒரு பொழுதுபோக்கு. சின்ன ரப்பர் பீப்பாயில் கல்லும் அரைக்கும் பொடியும் தண்ணீரும் போட்டு, ஒரு குட்டி மோட்டாரை மாட்டி, நாலு வாரம் இரவு பகலாக உருட்டினால் கல் பளபளவென்று வரும். சத்தம் தாங்காமல் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுவார்கள். காற்றில்லாமல் மோட்டார் கருகும். உடனே மோட்டார் செய்தவனைத் திட்டுவார்கள். நம் வேலூர் வட்டாரத்தில் உருளுவது அந்தப் பீப்பாயின் பாட்டன்: ஆளுயரத்தைத் தாண்டிய மர டிரம், உள்ளே தோலைத் தூக்கிப்போட முளைக் கட்டைகள், சுற்றிலும் பெரிய பல்சக்கரம். நிமிஷத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரின் வேகத்தை பெல்ட்டும் பல்சக்கரமும் சேர்ந்து பத்துச் சுற்று அளவுக்கு இறக்கிக் கொடுக்கும். உள்ளே டன் கணக்கில் தோலும் தண்ணீரும். கல் உருட்டுகிறவருக்கு மோட்டார் போனால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. இங்கே போனால் ஒரு லோடு தோல் போச்சு.

இந்த டிரம் ஆதியிலிருந்து இருந்ததில்லை. சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம் பட்டைக் குழி, கடுக்காய்த் தண்ணீர், அதில் இறங்கித் தோலைப் புரட்டிப்போடும் மனிதர்கள் என்றுதான் நெடுங்காலம் தொழில் நடந்தது. குழியில் மோட்டார் கிடையாது, ஆகவே எரியவும் இல்லை. சூடானவை மனிதர்களின் கைகால்கள். அதற்கு ரிலே வைக்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை.

குரோமியத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன், சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். 1903 வாக்கில் கலைப் பள்ளியில் குரோம் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். பட்டையில் ஊறிய தோல் தண்ணீரிலேயே கிடந்தால் அழுகும். குரோம் தோல் தாங்கும். அதனால் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் தோல் சாலுக்கு இதுதான் சரி என்று கண்டுபிடித்தார். விவசாயிக்கு ஆயுள் நீண்ட சால். அருமை. ஆனால் இதே சாட்டர்ட்டன்தான் இன்னொரு பக்கம் ஊர் ஊராக, "கிணற்றில் எண்ணெய் எஞ்சின் வைத்து பம்ப் மாட்டுங்கள், கவலையே வேண்டாம்" என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தார். வலது கையால் சால் தைத்து, இடது கையால் சாலுக்குச் சங்கு ஊதிய ஒரே தொழில்துறை முன்னோடி அவராகத்தான் இருப்பார். சோதனை அரசாங்கத் தொழிற்சாலையாக வளர்ந்ததும், அரசாங்கம் கடை வைத்து வியாபாரம் செய்யலாமா என்று ஐரோப்பிய வணிகர்கள் கூச்சல் போட்டார்கள். லண்டனும் முகம் சுளித்தது. 1910-இல் தொழிற்சாலை ரீவா மகாராஜாவின் கைக்குப் போனது. குரோம் மட்டும் தமிழ்நாட்டை விட்டுப் போகவில்லை. பல்லாவரம் பக்கம் வந்த குரோம் லெதர் கம்பெனியால் ஓர் ஊரே குரோம்பேட்டை ஆனது.

குரோமியத்தோடு டிரம்மும் நுழைந்தது. 1948-இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. நாயுடம்மா அதை நடத்திய காலத்தில் ஆராய்ச்சி, கண்ணாடிக் குடுவையை விட்டு இறங்கி டேனரி வாசலுக்கு வந்தது. அதுவரை இங்கிருந்து அரைகுறையாகப் பதனிட்ட தோலைக் கப்பல் ஏற்றுவோம், மிச்ச வேலையை முடித்து லாபத்தை வெள்ளைக்காரன் எடுத்துக்கொள்வான். 1970-களின் தொடக்கத்தில் டெல்லி அந்த ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. முழுத் தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்பு என்றது. அதற்கு இயந்திரம் வேண்டும். டிரம்கள் பெருகின, மோட்டார்கள் பெருகின, அவற்றோடு காயில் கட்டும் கடைகளும் பெருகின. அந்தக் கடைகளைப் பற்றி எந்தக் கமிட்டியும் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்காது.

எரிந்த மோட்டாரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனால் கடைக்காரர் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு மூடியைக் கழற்றி வைண்டிங்கைப் பார்ப்பார். அதுவே பிரேதப் பரிசோதனை. எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அதிக பாரம், அல்லது வோல்டேஜ் குறைவு, அல்லது காற்று போகாத அடைப்பு. ஒழுங்கான இடைவெளியில் சில கறுத்தும் சில புதுமணப்பெண்ணாகவும் இருந்தால் மின்சாரத்தின் மூன்று பேஸில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். டெல்டாவில் கட்டிய மோட்டாரானால் மூன்றில் ஒரு பங்கு கருகும், ஸ்டாரில் கட்டியதானால் மூன்றில் இரண்டு. "பேஸ் எப்ப போச்சு?" என்று கேட்பார். "போகவே இல்லையே அண்ணே, நல்லாத்தான் ஓடிச்சு" என்பார்கள். ஓடத்தான் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் மோட்டார் நிற்காது. மீதி இரண்டின் தலையில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, முனகிக்கொண்டே ஓடும். மேமாத முனகல்.

பேஸ் ஏன் போகிறது? சுண்ணாம்புப் பிரிவில் முடி நீக்க சோடியம் சல்ஃபைடு போடுகிறோம். அதன் காற்று பட்டால் தாமிரம் கறுக்கும். ஊருக்கே தெரிந்த அந்த நாற்றம் டெர்மினல் பெட்டிக்குள்ளும் போகிறது. கறுத்த முனையில் தொடர்பு தளரும், தளர்ந்த முனை சூடேறும், சூடேறிய முனை ஒருநாள் உருகும். உப்பு ஈரம் அதற்கு உதவிப்படை. தோலைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவிலோ தூசி. மோட்டாரின் இறகுகளுக்கு நடுவே அது பஞ்சுபோல் படிந்து, பின்பக்கத்து விசிறி ஊதும் காற்றை மறித்துவிடும். இது போதாதென்று, தண்ணீர் தெறிக்கக் கூடாது என்ற பாசத்தில் மோட்டார் மேல் கோணிப்பை போர்த்துகிற மேஸ்திரிகள் உண்டு. ஆம்பூர் மே மாத வெயிலில் யாருக்காவது கம்பளி போர்த்தியதாகக் கேள்விப்பட்டதுண்டா?

வைண்டிங்கின் பூச்சுக்கு ஓர் எல்லை இருக்கிறது: பி வகுப்பு 130 டிகிரி, எஃப் வகுப்பு 155. எல்லையைத் தாண்டி ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். டிரம்முக்குள் இருக்கும் குரோம் தோலை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, சுருங்காமல் இருந்தால் பாஸ் என்கிறோம். தோலுக்கு அந்தக் கொதி சோதனையை மறக்காமல் செய்கிற அதே டேனரியில், மோட்டார் மேல் உள்ளங்கை வைத்துப் பார்க்க ஆளிருக்காது.

பாரத்தின் கதை தனி. "இன்னும் நாலு தோல் தாங்கும்" என்ற வாக்கியம் இந்த வட்டாரத்தில் பல மோட்டார்களைக் கொன்றிருக்கிறது. தண்ணீர் மிச்சம் பிடிப்பதற்காக டிரம்மில் தண்ணீரைக் குறைத்தால், தோல் மிதப்பதை விட்டு மேலே போய்த் தொப்பென்று விழும். வேதியியல் ஆசிரியர் மகிழ்வார், ஏனெனில் குரோமியம் நன்றாக உள்ளே போகும். மோட்டார் மகிழாது.

பிறகு வந்தது இருட்டின் பொற்காலம். 2008-இல் தொடங்கி 2015 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டு. 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற ஊர்களுக்கு ஏறக்குறைய அரைநாள். இந்த ஜனநாயகப் பங்கீட்டில் வேலூர் "மற்ற ஊர்". கரண்ட் போனதும் டிரம் நிற்கும், நனைந்த தோல் மொத்தமும் அடியில் ஒரே மூட்டையாகப் படுத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் தெருவில் உள்ள எல்லா டேனரியும் ஒரே நொடியில் பச்சை பட்டனை அழுத்தும். நேரடியாகக் கிளம்பும் மோட்டார் வழக்கத்தைப்போல் ஆறு மடங்கு ஆம்பியர் கேட்கும். எல்லோரும் கேட்டால் வோல்டேஜ் படுக்கும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் திருப்புவிசை ஏறக்குறைய இருபது சதவீதம் குறையும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தாலும், ஸ்டாரில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு விசை. மூட்டையாகப் படுத்த தோலை அது அசைக்காது. டைமர் மட்டும் கடமை தவறாமல் டெல்டாவுக்கு மாற்றிவிடும். தடால். அங்கேதான் நம் முஸ்தபா பெக் கத்துவான். முதல் தடவை ரீசெட் செய்வார்கள். இரண்டாம் தடவை ரீசெட் செய்துகொண்டே திட்டுவார்கள். மூன்றாம் தடவை ஒயர்.

ஒயர் போடாதவர்களும் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. ரிலேயில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் அவன் பொறுமை கூடும். 20 குதிரைத் திறன் மோட்டாருக்குத் தகட்டில் ஏறக்குறைய 28 ஆம்பியர் என்று இருக்கும். படித்த எலக்ட்ரீஷியன் திருகையும் 28-இல் வைப்பார். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே டெல்டாவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தால் அது பார்ப்பது மொத்தக் கரண்ட்டில் 58 சதவீதத்தைத்தான். வைக்க வேண்டியது 16. 28-இல் வைத்தால் மோட்டார் முக்கால் பங்கு அதிகமாகத் தின்று கருகும்வரை ரிலே தூங்கும். பைத்தியம் என்று அடைக்காமல், மரியாதையாகக் காது கேளாதவனாக ஆக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் டிரம்மோடு முடித்துக்கொள்ளலாம் என்றால் பாலாறு விடாது. டேனரிக் கழிவால் ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியபோது கிராமத்துக்காரர்கள் கத்தினார்கள். அவர்களுக்கும் ஏறக்குறைய முஸ்தபா பெக் மரியாதைதான் கிடைத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. தோல் பட்டையில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கும் வழக்கில் வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தீர்ப்பு எழுதினார். மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும், டேனரி ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் வேலூர் பெயரை மனப்பாடம் செய்வது அதனால்தான். ஆம்பூர் பிரியாணிக்கு இரண்டாம் இடம்.

தீர்ப்பின் பலனாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மும்முரமாயின. கழிவைக் கலக்க மோட்டார், காற்று ஊத மோட்டார், உப்பு பிரிக்கும் சவ்வுக்குள் தண்ணீரைத் தள்ள உயர் அழுத்த மோட்டார். டிரம் ஓட்டியவர்களுக்குத் தண்டனையாகக் கோர்ட் கொடுத்தது இன்னும் நூறு மோட்டார் என்று ஒரு வைண்டிங் கடைக்காரர் கும்பிட்டுக்கொண்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மோட்டார் கட்டி முடித்து, மெக்கர் வைத்து இன்சுலேஷனைப் பார்த்து, வார்னிஷ் காய்ந்து, மறுபடி டிரம்மடிக்கு வந்து சேரும்போது கடைக்காரர் கூடவே வருவார். பெல்ட்டைக் கையால் அழுத்துவார். அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருந்தால் பேரிங் சூடாகும் என்பார். மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, மூன்று எண்ணும் ஏறக்குறைய ஒன்றா என்று பார்ப்பார். கோணிப்பையை எடுத்து எறிவார். கடைசியாகச் சுவர்ப் பெட்டியைத் திறப்பார். உள்ளே ரிலேயின் குறுக்கே போட்ட ஒயர் பளபளவென்று இருக்கும். அதை உருவி மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு, பில்லை முதலாளி கையில் கொடுப்பார். முதலாளி பில்லைப் படித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், மேஸ்திரி ஒயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துவார்.