குடியரசுக்கு மூத்த ஓட்டலுக்கு ஒரு விண்ணப்பம்

இஸ்தான்புல் மாநகரம், பெயோலு மேட்டில், கோல்டன் ஹார்ன் நீர்ப்பரப்பைப் பார்த்து வீற்றிருக்கும் புராதன ஓட்டலின் மேலாளர் அவர்கள் திருச்சமூகத்துக்கு, மூன்றாம் மாடி விருந்தாளி பணிந்து எழுதிக்கொள்வது.

நேற்று பிற்பகல் தங்கள் லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டி, மூன்றாம் மாடியைத் தொடாமல், நடுவழியில் நின்றது. நின்றதில் எனக்குப் புகார் இல்லை. அது நிற்கும் என்பது வந்த அன்றே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தங்கள் லிஃப்ட் கொடியும் பூவுமாக வளைத்துச் செய்த இரும்புக் கூண்டு. உள்ளே நிற்பவர் நாலு பக்கமும் தெரிவார். பளிங்குப் படிக்கட்டு அந்தக் கூண்டைச் சுற்றித்தான் ஏறுகிறது. அந்தப் படிகளில் ஒரு சுற்றுலாக் குழு ஏறி வந்தது. வழிகாட்டி அம்மையார் மடக்கிய குடையை உயர்த்தி எனக்கு நேர் எதிரே நின்று, இந்த லிஃப்ட் எந்தக் காலத்தது, எப்பேர்ப்பட்ட வேலைப்பாடு, இன்றுவரை எப்படிக் குறையில்லாமல் ஓடுகிறது என்று ஆங்கிலத்தில் விளக்கினார். கம்பிக்குப் பின்னால் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் படம் எடுத்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் மிகுந்த மரியாதையோடு, நான் பித்தளைப் பலகையை மறைப்பதாகவும் சற்று ஒதுங்கினால் நல்லது என்றும் சொன்னார். ஒதுங்கினேன். சிரிக்கக்கூடச் செய்தேன். கைநீட்டிய ஒரு குழந்தையை ‘தொடாதே’ என்று அம்மையார் அதட்டியது லிஃப்டைப் பற்றியா என்னைப் பற்றியா என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

குழு போன பிறகு ரிசப்ஷன் தம்பி படியேறி வந்து என்னை அண்ணாந்து பார்த்தான். நல்ல பையன். என்னை வாய் நிறைய ‘அபி’ என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான். மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டதாகவும், அவர் ஆசியாவில் இருப்பதாகவும் தெரிவித்தான். ஆசியா என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. பிறகுதான் கடிக்கோய் என்று புரிந்தது. போஸ்பரஸ் நீரிணையைப் படகில் தாண்டி, ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு ஓர் ஆள் வரவேண்டும், நான் அரை மாடி இறங்குவதற்கு. ‘என்ன செய்வது அபி, இது குடியரசுக்கு மூத்தது’ என்றான் தம்பி.

ஐயா, இந்தப் பதிலைத் தங்கள் ஓட்டலின் தேசிய கீதம் என்றே சொல்லலாம். முஸ்தபா கெமால் குடியரசை அறிவித்தது 1923 அக்டோபர் 29 அன்று. அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்த எதையும் கேள்வி கேட்கக்கூடாது என்று தங்களிடம் ஒரு விதி இருக்கும்போலிருக்கிறது. குழாயில் வெந்நீர் ஏன் வரவில்லை என்றேன். குழாய் குடியரசுக்கு மூத்தது. ஜன்னல் ஏன் சாத்தவில்லை என்றேன். சட்டம் குடியரசுக்கு மூத்தது. மெத்தையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அதன் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக முதுகில் எழுந்து வந்து தங்கள் வயதைச் சொல்லிவிட்டன. துண்டு விஷயத்தில் மட்டும் தம்பியோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அது கட்டடத்துக்கே மூத்தது. கிரிமியப் போரில் உஸ்குதார் பாசறையில் நைட்டிங்கேல் அம்மையார் காயக்கட்டுக்குக் கிழித்தது போக மிச்சமிருந்த பகுதி என்று சந்தேகிக்கிறேன். வைஃபையோ இரவில் ஒரு மணி நேரம் வரும். இந்த ஊருக்கு 1855இலேயே தந்தி வந்துவிட்டது. அந்த வேகம் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பெருமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. காலையில் திரையை விலக்கினால் நீருக்கு அக்கரையில் சுலைமானியே மசூதி, கீழே படகுகள், அவற்றின் பின்னால் சிமித் ரொட்டிக்காக வட்டமிடும் கடற்பறவைகள். அந்தக் காட்சிக்கு முன்னால் குளிர்ந்த நீரில் முகம் கழுவியதைக்கூட மன்னித்துவிடலாம். காலை உணவில் ஆலிவும் வெண்பாலாடைக் கட்டியும் தேனும் கய்மாக் பாலேடும் வைத்து, கண்ணாடிக் குவளையில் தேநீரை நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முட்டைதான் ஆறியிருக்கிறது. அதன் வயதை நான் விசாரிக்கவில்லை. கூடத்துச் சோபாவில் ஹீட்டரை ஒட்டி ஒரு பூனை எப்போதும் உறங்குகிறது. இந்தக் கட்டடத்தில் கதகதப்பான ஒரே இடத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். குடியரசுக்கு இளையவராகவும் தெரிகிறார்.

தங்கள் விளம்பரத் தாளையும் படித்தேன். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ற காலத்து மேன்மை என்று தொடங்கி, ‘அகதா கிறிஸ்டி நடந்திருக்கக்கூடிய தெரு’ என்று முடிகிறது. அந்தக் ‘கூடிய’வில் ஒரு நேர்மை இருக்கிறது, பாராட்டுகிறேன். அந்த அம்மையார் தங்கியது பேரா பாலஸில். அந்த ஓட்டலும் குடியரசுக்கு மூத்ததுதான். அலெக்ஸாந்தர் வல்லவ்ரி என்ற கட்டடக் கலைஞர் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்காகவே வடிவமைத்தது; 1890களில் திறந்தார்கள். சிர்கேஜி ரயில் நிலையத்தில் இறங்கிய சீமான்களைப் பல்லக்கில் வைத்து மேட்டுக்குத் தூக்கி வந்தார்களாம். அங்கேயும் அந்தக் காலத்து இரும்பு லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அவர்கள் சில வருஷம் கதவைச் சாத்தி, கட்டடத்தைப் பிரித்துப் பழுதுபார்த்து, 2010இல் மறுபடி திறந்தார்கள். பல்லக்கையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆளை வைத்துக் காட்டுவதில்லை.

வெந்நீர் வராத மூன்றாவது காலை, ஜாலோலு ஹமாமுக்குப் போய்க் குளித்தேன். 1741இல், முதலாம் மஹ்மூத் சுல்தான் காலத்தில் கட்டியது. குடியரசுக்கு 182 வயது மூத்தது. சூடான பளிங்குக் கல்லில் படுத்து, வாளி வாளியாக வெந்நீர் ஊற்றிக்கொண்டபோது எனக்குத் தங்கள் மேல் முதன்முறையாகச் சந்தேகம் வந்தது. திரும்பும்போது கராக்கோயிலிருந்து துனெல் ஏறினேன். லண்டனுக்கு அடுத்தபடி உலகின் இரண்டாவது பழைய நிலத்தடி ரயில்; 1875 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மேட்டுக்கு ஏற்றிவிட ஒன்றரை நிமிஷம். நடுவில் நிற்கவில்லை. எதிர்ச் சீட்டுப் பாட்டி காய்கறிப் பையோடு, அது எத்தனை வருஷத்தது என்ற கவலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். சந்தேகம் அப்போது உறுதியாயிற்று. இந்த ஊரில் குடியரசுக்கு மூத்தவை எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன, தங்கள் லிஃப்டைத் தவிர. நீர் சொட்டும் பழங்காலக் கூரை ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தோண்டுவித்த நிலத்தடி நீர்த்தேக்கம், 336 தூண்கள். ஆனால் அங்கே சொட்டுவதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறோம். தங்கள் ஓட்டலில் அது என் தலையணைக்கு நேர் மேலே, அறை வாடகையிலேயே அடக்கம்.

பழமை என்று சொல்லி என்னைப் போன்றவனைப் பயமுறுத்துவதும் சிரமம். எங்கள் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. அங்கே படி வழுக்கினால் யாரும் இராசராசன் மேல் பழி போடுவதில்லை.

பழுது பார்க்காததற்குத் தம்பி ஒரு சட்டக் காரணமும் வைத்திருக்கிறான்: பாரம்பரியக் கட்டடம், பாதுகாப்பு வாரிய அனுமதி இல்லாமல் ஆணிகூட அடிக்க முடியாது. சட்டம் இருக்கிறது, 1983ஆம் வருஷத்து 2863ஆம் எண். முகப்பை இடிக்காதே, கூரையை மாற்றாதே, பழைய சித்திர வேலையை அழிக்காதே என்பதற்காகப் போட்ட நல்ல சட்டம். ஷவரில் போடும் ரப்பர் வாஷரை அது தேசியச் சொத்தாக அறிவித்திருப்பதாகத் தெரியவில்லை. சின்னப் பழுதுகளுக்கு நகராட்சி அளவிலேயே எளிய அனுமதி கிடைக்கும். தம்பி பிளம்பரைச் சொன்னான். பிளம்பர் முதலாளியைச் சொன்னார். முதலாளியின் அலுவலகத்தில் வாரியத்தைச் சொன்னார்கள். 1934இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் ரயில் கொலை நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இங்கே குற்றவாளி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று லிஃப்டிலிருந்து என்னை இறக்கிய பிறகு அதில் மறுபடி ஏற மனமில்லை. பின்பக்க மாடிப்படி இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு மேல் பச்சை விளக்கில் ஓடும் மனிதன் படமும் இருந்தது. என் மாடிக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். இடுக்கு வழியே பார்த்தால் கால் உடைந்த நாற்காலிகளும் சுருட்டிய கம்பளங்களும் படி நெடுக அடுக்கிக் கிடந்தன. கீழே போய்ச் சொன்னேன். தம்பி தோளைக் குலுக்கினான்: ‘அபி, அந்தக் கதவு குடியரசுக்கு மூத்தது.’

இந்த ஓர் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2025 ஜனவரி 21 அதிகாலை, தங்கள் நாட்டிலேயே, போலு மாகாணத்தின் கர்தால்கயா பனிச்சறுக்கு மலையில் ஒரு 12 மாடி ஓட்டல் எரிந்தது. பள்ளி விடுமுறைக் காலம். 78 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அபாய மணி அடிக்கவே இல்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். படுக்கை விரிப்புகளை முடிந்து ஜன்னல் வழியே இறங்கப் பார்த்தார்கள். அது நடந்த நாட்டில், மரத்தளமும் கம்பளமும் திரையுமாக இருக்கிற ஒரு கட்டடத்தில், வெளியேற இருக்கும் ஒரே மாற்று வழிக்குச் சங்கிலி போட்டுவிட்டு அதைச் சரித்திரம் என்கிறீர்கள். இது சரித்திரம் இல்லை. சாமான் போட வேறு இடம் வாடகைக்கு எடுக்க மனமில்லாத கஞ்சத்தனம். தினமும் விரிப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறுகிற தங்கள் பணியாளர் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அங்கே பூட்டு தொங்குகிறது. அவர் குடியரசுக்கு இளையவர்.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருள்க. எதிரே தெரிகிற சுலைமானியேவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அமைதிக்குத் திரும்புகிறேன். கட்டடக் கலைஞர் சினான் அதை 1557இல் முடித்தார். மசூதிக்குள் எரியும் எண்ணெய் விளக்குகளின் புகை சுவரில் படியாமல், காற்றோட்டத்தை அமைத்து வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுத்து, அங்கே சேர்ந்த கரியில் எழுத மை செய்தார்கள். புகை எந்த வழியில் போகும் என்று அந்த மனிதர் கட்டுவதற்கு முன்பே யோசித்திருக்கிறார். தாங்கள் தினமும் அந்த மசூதியைப் பார்த்தபடிதான் காபி குடிக்கிறீர்கள்.

இன்று காலை தங்கள் பில் வந்தது. நேற்று லிஃப்ட் சம்பவத்துக்கு வருத்தம் தெரிவித்துத் தாங்கள் அறைக்கு அனுப்பிய லோக்கும் மிட்டாய்த் தட்டு அதில் மினிபார் தலைப்பில் ஏறியிருந்தது. 2023 ஜனவரியில் வந்த இரண்டு சதவீதத் தங்கல் வரி ஒரு குருஷ் பிசகாமல் கணக்கிடப்பட்டிருந்தது. தொகை யூரோவில், அந்த நாணயம் குடியரசுக்கு 76 வயது இளையது. கார்டு எந்திரம் மின்னல் வேகத்தில் வேலை செய்தது. ஆக, இந்த ஓட்டலிலும் புதுமைக்கு இடமுண்டு. வாரியம் அதற்கு மட்டும் உடனே அனுமதி தந்துவிடுகிறதுபோல.

லிஃப்டைத் தாங்கள் பழுது பார்க்கவே வேண்டாம். அடிமாடியில் நிறுத்திச் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடுங்கள். வழிகாட்டி அம்மையாருக்கும் வசதி. வெந்நீருக்கு ஜாலோலு இருக்கிறது, வைஃபைக்குத் தபால் இருக்கிறது. அந்தச் சங்கிலியை மட்டும் இன்று மாலைக்குள் எடுத்துவிடுங்கள். நாற்காலிகளைத் தூக்கக் கை தேவையென்றால் மூன்றாம் மாடியில் என்னைக் கூப்பிடலாம், படியிறங்கி வருகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: எந்த ஊரில் பழைய ஓட்டலில் அறை எடுத்தாலும், சாவி வாங்கியதும் முதலில் ஜன்னலுக்குப் போகாதீர்கள். பின் மாடிப்படி வழியாகத் தெருவரைக்கும் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு, பிறகு பெட்டியைத் திறங்கள்.